நாற்காலி உயரத்துத் தோட்டம்

ஆரப்பாளையம்
14-11-1985

மாயக்காளுக்கு முத்திருளன் எழுதுவது.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு நீ தோட்டத்துக்குத் திரும்பி இன்றோடு நாலு நாள். மகள் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முத்துத்தாய் வேளைக்கு இட்லி, வேளைக்கு மாத்திரை என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவையும் திரும்பி வந்ததும் ஒரு தடவையும் கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். வைத்த இடத்தில்தான் இருக்கிறது என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு வருத்தம், இந்த வீட்டில் மண் கிடையாது. வாசலில் சிமெண்டு, பின்னால் குழாயடியிலும் சிமெண்டு. கட்டிலில் படுத்தால் கண்ணுக்குத் தெரியும் ஒரே பச்சை, எதிர்வீட்டுக் கதவுக்கு அடித்த பெயிண்ட்தான்.

அதனால் தோட்டத்தை இங்கிருந்தே நடத்துவதென்று முடிவு செய்திருக்கிறேன். கவனமாகப் படி. கார்த்திகை பிறக்கப் போகிறது. மல்லிகைக்குத் தண்ணீரை நிறுத்து. செடி வாடட்டும், பயப்படாதே. பத்து நாள் கழித்து நாற்பது செடியையும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணி, இலையை உருவி, எருப் போடு. கத்தரியில் நுனி வாடியிருந்தால் உள்ளே புழு இருக்கும், அந்த நுனியைக் கிள்ளித் தூரப் போடு. குரோட்டன்ஸ் பதினெட்டுத் தொட்டிக்கும் காலையில் மட்டும் தண்ணீர். எலுமிச்சையில் காய்ந்த குச்சிகளை எடுத்துவிடு. நான் வழுக்கி விழுந்த வாய்க்கால் கரையில் சரளை கொட்டு. நீயும் விழுந்து வைத்தால் முத்துத்தாய் வீட்டில் இன்னொரு கட்டிலுக்கு இடமில்லை.

இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைப் பிறகு பேசுவோம்.

முத்திருளன்


நாகமலை புதுக்கோட்டை
20-11-1985

மச்சானுக்கு மாயக்காள் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உங்களுக்காக. இரண்டாவது தடவை வேலையைத் தெரிந்துகொள்ள. மூன்றாவது தடவை, நீ எப்படி இருக்கிறாய் என்று எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா என்று தேடிப் பார்க்க. கேட்கவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மல்லிகைக்குத் தண்ணீரை நிறுத்தியாயிற்று. நிறுத்திய மறுநாளே வானம் ஊற்றிவிட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை. சரளை கொட்டியாயிற்று. கோழிகள் ஒன்பதும் சுகம். கொத்தவரை தினமும் ஒரு கூடை வருகிறது. நானொருத்தி எம்புட்டுத்தான் தின்பது, அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். நேற்றுக் காலை பத்து மணி இருக்கும், ஓர் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். பேர் பேயாண்டியாம். கையில் அளவு நாடா வைத்திருந்தார். வேலி ஓரமாக நடந்து அளக்க ஆரம்பித்துவிட்டார். யாரப்பா நீ என்று கேட்டேன்.

"ஐயாதான் சொல்லி அனுப்புனாரு. முப்பது சென்டையும் மொத்தமாக் குடுக்கப் போறதாச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்லம்மா?"

எனக்குத் தெரியும் என்றேன். வந்தவர் முன்னால் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மோர் கொடுத்து, ஐயா திரும்பி வந்ததும் அளந்துகொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். போகும்போது ஒரு கூடைக் கொத்தவரையும் கொடுத்தேன்.

எனக்குத் தெரிய வேண்டியதை நீங்கள் எப்போது சொல்வதாக இருந்தீர்கள்?

மாயக்காள்


ஆரப்பாளையம்
25-11-1985

மாயக்காளுக்கு,

பேயாண்டியை அனுப்பியது நான்தான். மாப்பிள்ளைக்குத் தெரிந்த தரகர். இப்போது சும்மா பார்த்துவிட்டு வரட்டும் என்றுதான் சொன்னேன், அவர் நாடாவோடு போவார் என்று நினைக்கவில்லை. உன்னிடம் சொல்லாதது என் தப்பு. சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

தோட்டக்காரன் என்றால் குத்தவைத்து உட்கார வேண்டும். களை எடுக்க, நாற்று நட, பூப்பறிக்க, புழுவைத் தேட, எல்லாம் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. என்னை இனி தரையில் உட்காராதே என்கிறார்கள். தொடை எலும்புக்குள் இரும்புத் தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயதில் கையில் ஒரு கம்போடு வரப்பில் நின்று நீ வேலை செய்வதை வேடிக்கை பார்க்க என்னால் முடியாது. உன்னை விரட்டி விரட்டி வேலை வாங்கவும் முடியாது. போன கடிதத்தில் நான் செய்ததே அதுதான் என்பது, அதை அனுப்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

அதனால் மொத்தத்தையும் கொடுத்துவிடுவோம். இங்கே அடுத்த தெருவில் கீழ்ப்போர்ஷன் ஒன்று காலியாகிறது. மகள் பக்கத்தில் இருப்பாள். உனக்கும் ஓய்வு கிடைக்கும். வீட்டில் கலந்து பேசி எடுத்த முடிவு இது.

முத்திருளன்


நாகமலை புதுக்கோட்டை
1-12-1985

மச்சானுக்கு,

வீட்டில் கலந்து பேசினீர்கள், சரி. எந்த வீட்டில்? இந்த வீட்டில் நானும் ஒன்பது கோழியும் இருக்கிறோம், எங்களிடம் யாரும் பேசவில்லை.

மில்லிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் இந்த இடத்தை வாங்கினீர்கள். பத்திரத்தை என் பேரில் எழுதச் சொன்னதும் நீங்கள்தான். பத்து வருஷமாக அதை நான் பெட்டியில் வைத்திருக்கிறேனே தவிர ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நேரில் வந்து சொல்லியிருப்பேன், அரை மணி நேர பஸ்தான். வந்தால் உங்கள் காலைப் பார்த்து மனசு இளகிவிடும். அதனால்தான் தபாலில் சண்டை போடுகிறேன்.

நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயமும் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷமாக எனக்கு வலது தோள் மேலே எழும்பவில்லை. தலை பின்னுவதே இடது கையால்தான். நாற்பது மல்லிகையில் பதினெட்டைத்தான் கவாத்து பண்ணினேன், மீதி அப்படியே நிற்கிறது. சொன்னால் ஆள் வைப்பீர்கள், வைத்த ஆளோடு சண்டை பிடித்து மூன்றாம் நாள் அனுப்பிவிடுவீர்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆக, முப்பது சென்ட்டை உங்களாலும் பார்க்க முடியாது, என்னாலும் முடியாது. அது வரைக்கும் உங்கள் பேச்சு சரி.

அதற்காக முழுவதையும் கொடுப்பானேன்? கிழக்கே பதினெட்டு சென்ட்டைக் கொடுத்துவிடுவோம். வீடும் கிணறும் இருக்கிற பன்னிரண்டு சென்ட் நமக்கு இருக்கட்டும். அதை நம் உடம்புக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வோம். எப்படி என்று கேட்காதீர்கள், யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாயக்காள்


ஆரப்பாளையம்
15-12-1985

மாயக்காளுக்கு,

இரண்டு வாரம் எழுதாமல் இருந்தது கோபத்தினால்தான். இப்போது பாதி தீர்ந்திருக்கிறது.

தோளைப் பற்றி நீ சொல்லாதது எனக்கு ரொம்பச் சங்கடமாகப் போயிற்று. தினமும் பூக்கூடையை நீதான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வருவாய். எந்தக் கையால் தூக்குகிறாய் என்று நான் பார்த்ததே இல்லை.

ஆனால் பன்னிரண்டு சென்ட் என்பது தோட்டம் இல்லை. வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்று தும்மினால் பக்கத்து நிலத்தில் போய் விழும். முப்பதைப் பார்த்த கண்ணால் பன்னிரண்டை எப்படிப் பார்ப்பது என்று யோசித்துப் பார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இன்னொன்று. போன வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் அயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் முத்துத்தாய் தையல்காரரின் டேப்பை வைத்து என்னை அளந்துகொண்டிருக்கிறாள். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் ஓர் அளவு. கையை நீட்டிப் பிடித்து ஓர் அளவு. எதற்கென்று கேட்டால் சிரிக்கிறாள். "அம்மா கேட்டுச்சு" என்கிறாள். உயிரோடு இருக்கிறவனை எதற்கு அளக்கிறாய்? சொல்லி அளந்தால் நான் நேராக உட்கார்ந்திருப்பேனே.

பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் நான்கு எண்ணெய் டின்னைத் தூக்கித் தெருவில் போடப் போனாள். வேண்டாம் என்று வாங்கி வைத்தேன். மாப்பிள்ளை ஒரு சாக்கு மண் கொண்டுவந்தார். ஒரு டின்னில் கொத்தமல்லி விதை போட்டிருக்கிறேன், மற்றதில் கீரை. பொழுது போக வேண்டும் அல்லவா, அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

முத்திருளன்


நாகமலை புதுக்கோட்டை
22-12-1985

மச்சானுக்கு,

எதற்கு அளந்தேன் என்று கேட்டீர்கள். நீங்கள் குனிந்து மண்ணுக்குப் போக முடியாது. அதனால் மண்ணை உங்கள் உயரத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கொத்தனார் மொக்கையனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். செங்கல்லில் இரண்டடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அடியில் தளம் போடாமல் விட்டு, உள்ளே செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து நிரப்புவது. தொட்டி மாதிரி நாலு பாத்தி. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை பாத்தியின் விளிம்பில் சரியாகப் படியும், அதற்குத்தான் டேப். உட்கார்ந்தபடியே விதைக்கலாம், களை எடுக்கலாம், புழுவோடு பேசலாம்.

இரண்டு பாத்தி எழும்பிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். மாட்டுக்குத் தண்ணித் தொட்டியா என்று இரண்டு பேர் கேட்டார்கள். உங்கள் பெரியப்பா மகன் நேற்று வந்தவர், நீளமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். போகும்போது மெதுவாகக் கேட்டார்: "ஏத்தா, முத்திருளன் நல்லாத்தானே இருக்கான்? இப்பவே கட்டணுமா?" சமாதி என்று நினைத்துவிட்டார். சிரித்துச் சிரித்து என் தோள் வலி கூடிவிட்டது.

பன்னிரண்டு சென்ட்டில் எல்லாம் கொள்ளாது. எதை விடுவது என்று எழுதுகிறேன், கோபப்படக் கூடாது. மல்லிகை பத்துச் செடி போதும், எனக்கும் முத்துத்தாய்க்கும் வைத்ததுபோக மிஞ்சும். கத்தரி வேண்டாம், பாதி புழுவுக்குத்தான் போகிறது. குரோட்டன்ஸும் வேண்டாம். பத்து வருஷமாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். குழம்பில் போட முடியாத, தலையில் வைக்க முடியாத ஒரு இலைக்கு நான் தினமும் பதினெட்டுச் சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

கிழக்குப் பக்கத்தைக் கேட்டு ஒரு பெண் வந்தாள். ராமக்காள் என்று பேர், யுனிவர்சிட்டி ஆபீசில் டைப்பிஸ்ட். எலுமிச்சையை வெட்டாமல் வீடு கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் சரி என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேசுவேன். பத்திரம் என் பேரில் இருந்தாலும் கேட்காமல் செய்கிற பழக்கம் எனக்கில்லை.

மாயக்காள்


ஆரப்பாளையம்
27-12-1985

மாயக்காளுக்கு,

கடைசி வரியில் என்னைக் குத்தியிருக்கிறாய். எனக்கு வலிக்க வேண்டும் என்றுதானே எழுதினாய், வலித்தது.

குரோட்டன்ஸைப் பற்றி இப்போது பேச மாட்டேன். பேசினால் இந்தக் கடிதம் முடியாது. அதைவிட அவசரமான விஷயம் இருக்கிறது. பாத்தியின் அகலம் என்ன? மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து பார்த்தவர், ஐந்தடி இருக்கும் என்கிறார். உடனே மொக்கையனை நிறுத்து.

ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே டின்கள் பதினொன்றாகிவிட்டன. குழாயடிச் சுவரோரம் மூன்று வரிசையாக வைத்திருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்து முதல் வரிசையில் நன்றாக வேலை செய்ய முடிகிறது. இரண்டாவது வரிசைக்கு உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். மூன்றாவது வரிசையில் வெண்டைக்குக் களை எடுக்க எட்டினேன், ஸ்டூலோடு சாய்ந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, கீரை டின் மேல்தான் விழுந்தேன். முத்துத்தாய் கத்திய கத்தில் சீனியம்மாள் வீட்டிலிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். டாக்டரிடம் சொல்லாதே.

ஆகவே உட்கார்ந்தவன் கைக்கு இரண்டடிதான் கணக்கு, கூடப் போனால் இரண்டேகால். ஒரு பக்கம் நீ, எதிர்ப் பக்கம் நான் உட்காருவதென்றால் நாலடி வரை வைக்கலாம். சுவரை ஒட்டிய பாத்தி இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. அடி வரிசையில் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விடச் சொல், தண்ணீர் வடியாவிட்டால் வேர் அழுகிவிடும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே மூன்றரை அடி பாதை வேண்டும். நாற்காலி, நான், கம்பு, மூன்றும் திரும்ப வேண்டும். பாதையில் மண் வேண்டாம், கல் பாவட்டும். பாகலுக்கும் புடலைக்கும் பந்தல் போட்டால் தலைக்கு மேல் போடாதே, உன் கை எழும்பாதே. நெஞ்சு உயரத்தில் சாய்வாகப் போடு.

இதையெல்லாம் இந்த டின்களிடம்தான் கற்றுக்கொண்டேன். தரையில் உட்கார்ந்திருந்தபோது செடியை மேலிருந்தே பார்த்திருக்கிறேன். இப்போது கண்ணுக்கு நேராக இருக்கிறது. வெண்டையின் இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி வந்த அன்றைக்கே பிடித்துவிட்டேன்.

ராமக்காளிடம் பேசு. எலுமிச்சையை வெட்டுவதில்லை என்று பேயாண்டி முன்னால் சொல்லட்டும்.

முத்திருளன்


நாகமலை புதுக்கோட்டை
11-1-1986

மச்சானுக்கு,

மொக்கையனிடம் உங்கள் கடிதத்தையே படித்துக் காட்டினேன். எழும்பிய இரண்டு பாத்தியையும் இடிக்க வேண்டும் என்றதும் கரணையைக் கீழே வைத்துவிட்டார். "மில்லுல நூல் ஓட்டுன ஆளுக்குச் செங்கல்லப் பத்தி என்னங்க தெரியும்" என்றார். பிறகு நாற்காலியைக் கொண்டுவந்து அவரையே உட்கார வைத்து, அந்தக் கடைசியில் கிடக்கிற கல்லை எடுங்கள் என்றேன். அவருக்கும் எட்டவில்லை. எழுந்து கடப்பாரையை எடுத்து இடிக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது நாலும் நீங்கள் சொன்ன அளவில் நிற்கிறது. அடியில் ஓட்டை விடச் சொன்னது நல்ல யோசனை என்று அவரே ஒப்புக்கொண்டார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

கோழிகளுக்குப் பாத்தி ரொம்பப் பிடித்துவிட்டது. ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கின்றன. வலை வாங்க வேண்டும்.

புதன்கிழமை பத்திரம் பதிந்தாயிற்று. நீங்கள் வராதது ஒருவகையில் நல்லது. ரிஜிஸ்தர் ஆபீசுக்குள் மாப்பிள்ளைதான் கூட வந்தார். கையெழுத்துப் போட்டதும் அழுகை வரும் என்று முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வரவில்லை. வெளியே வந்து மாப்பிள்ளையோடு காப்பி குடித்தேன், நன்றாக இருந்தது. மறுநாள் காலை எழுந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. பத்து வருஷத்தில் நான் விடிந்த பிறகு எழுந்ததே கிடையாது, பூப்பறிக்க இருட்டிலேயே எழுந்துவிடுவேன். கொஞ்ச நேரம் படுத்தபடியே கிடந்தேன். இதை உங்களிடம் சொல்லலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம் அல்லவா, அதனால் எழுதிவிட்டேன்.

பொங்கலுக்கு வாருங்கள். டாக்சி பிடித்து மாப்பிள்ளை கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார்.

மாயக்காள்


ஆரப்பாளையம்
3-2-1986

மாயக்காளுக்கு,

பொங்கலுக்கு நான் வராததில் உனக்கு மனத்தாங்கல் என்று முத்துத்தாய் சொன்னாள். டாக்சியில் வந்து இரண்டு பேர் தோளில் இறங்க எனக்கு மனசில்லை. பஸ்ஸில் வந்து நானே நடந்து வேலியைத் திறக்க வேண்டும். இப்போது தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். போகும்போது கம்பு வேண்டியிருக்கிறது, திரும்பும்போது கம்பு மட்டும் போதவில்லை, டீக்கடையில் பத்து நிமிஷம் வேண்டியிருக்கிறது.

நீ விடிந்த பிறகு எழுந்ததை இரண்டு தடவை படித்தேன். விழுந்த அன்றைக்கு நடந்ததை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலையில் நீ மல்லிகையைப் பாதியாகக் குறைப்போம் என்று சொன்னாய். உனக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று நான் சொன்னேன். நீ கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டாய். அந்தக் கோபத்தோடுதான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழைச் சேற்றில் தண்ணீர் திருப்பப் போனேன். வழுக்கியது. தொடையில் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வாய்க்காலுக்குள் மல்லாந்து கிடந்தேன். நீ கோழிகளைக் கூப்பிட்டுத் தீனி போடுவது நன்றாகக் கேட்டது. நான் உன்னைக் கூப்பிடவில்லை. காலையில் சோம்பேறி என்று சொல்லிவிட்டு, இப்போது வந்து தூக்கு என்று எப்படிக் கூப்பிடுவது? நானே எழுந்துவிடலாம் என்று முக்கால் மணி நேரம் கிடந்து பார்த்தேன். தண்ணீர் ஏறி ஏறிக் காதுக்குள் போன பிறகுதான் சத்தம் போட்டேன்.

நீ ஓடிவந்தாய். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "ஏன் மச்சான் கூப்பிடல" என்று மட்டும் கேட்டாய். அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். சோம்பேறி என்று சொன்னது தப்பு. நாற்பது செடியைத் தோள் எழும்பாத கையோடு இரண்டு வருஷம் பறித்திருக்கிறாய்.

மாசி கடைசியில் வாரேன். டின்களைச் சீனியம்மாள் எடுத்துக்கொள்கிறாள். முத்துத்தாய் துணி காயப்போட இடம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறாள். குரோட்டன்ஸில் மூன்றை மட்டும் விட்டுவை. நானே தண்ணீர் ஊற்றுகிறேன்.

முத்திருளன்


நாகமலை புதுக்கோட்டை
16-6-1986

மாயக்காளுக்கு,

இப்போது நீ அங்கே, நான் இங்கே. கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து முத்துத்தாய் வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று மாப்பிள்ளை வந்து சொன்னதும்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. நீ எப்படி இருக்கிறாய்? முதலில் இதற்குப் பதில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. குனியக் கூடாது, கனமாக ஒன்றும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, சந்தேகம் இருந்தால் கேள்.

நீ போய்ப் பத்து நாளில் தோட்டத்தை நான் ஒன்றும் கெடுத்துவிடவில்லை. வெயில் கொளுத்துகிறது. காலையில் ஏழு மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முதல் பாத்தியில் உட்காருகிறேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு பாத்தி. எழுந்து, நடந்து, அடுத்தது. ஒன்பதரைக்கு வீட்டுக்குள் வந்துவிடுகிறேன். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் எதையாவது விட்டுவிட்டோமே என்று திரும்பப் போவேன். இப்போது விட்டுப்போக இடமே இல்லை. எந்தச் செடியில் எத்தனை காய் என்று எனக்குத் தெரியும். பாகலில் பதினான்கு, அதில் இரண்டை நேற்றுப் பறித்து வதக்கினேன், கசப்பு போகவில்லை. நீ என்ன செய்வாய் என்று எழுது.

ராமக்காள் வீட்டுக்கு ஜன்னல் மட்டம் வரை சுவர் வந்துவிட்டது. எலுமிச்சையைச் சுற்றி வட்டமாக விட்டே கட்டியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் வலியாம், இது மாதிரி இரண்டு கட்ட வேண்டும், அகலம் எவ்வளவு வைப்பது என்று கேட்டாள். நாற்காலியை அந்தப் பக்கம் கொண்டுபோய், அம்மாவை உட்கார வைத்து, அளந்து கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி முக்கியமான சேதி. நாலாவது பாத்தியில் கொத்தவரை ஓய்ந்துவிட்டது. பிடுங்கிப் போட்டு, மண்ணைக் கொத்தி, எருப் போட்டு ஆறவிட்டிருக்கிறேன். அதில் வெண்டை போடலாம் என்று விதையைக் கையில் எடுத்தேன். எடுத்தவன் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டேன். இந்தத் தோட்டத்தில் எதை வைப்பது என்று இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் கேட்டதே கிடையாது. வாங்கிக்கொண்டு வருவேன், நடுவேன், நீ தண்ணீர் ஊற்றுவாய். அந்தப் பாத்தி உனக்கு. என்ன வேண்டும் என்று சொல். எங்கே கிடைத்தாலும் வாங்கிவருகிறேன், பஸ் ஏறத்தான் இப்போது பயமில்லையே.

முத்திருளன்


ஆரப்பாளையம்
21-6-1986

மச்சானுக்கு,

எழுத்து பெரிது பெரிதாகக் கோணலாக இருக்கும். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது. முத்துத்தாய் எழுதித் தருகிறேன் என்றாள், நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

நான் நன்றாக இருக்கிறேன். மருந்து விடக் கட்டை அவிழ்த்தபோது பார்த்தேன், எதிர்வீட்டுக் கதவு இம்புட்டுப் பச்சையா என்று ஆச்சரியமாகப் போயிற்று. பாகலை வதக்கும் முன்னால் உப்புப் போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். பதினான்கையும் நீங்களே பறித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை முத்துத்தாய்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். என்ன வேண்டும் என்று சொல் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நாள் யோசித்தேன். செவ்வந்தி என்று நினைத்தேன், கனகாம்பரம் என்று நினைத்தேன். எல்லாம் ஏற்கெனவே தெரிந்த பூவாகவே வந்தது.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் சோணையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள், அழகர்கோவில் பக்கத்து ஊர்க்காரி. அவளுக்கும் கண்தான், வலது. எனக்கு இடது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜோடிக் கண்ணோடு ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். பாத்தியைப் பற்றிச் சொன்னேன், கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊருக்குப் போகும் அன்று காகிதத்தில் மடித்து ஒரு பிடி விதை கொடுத்தாள். மிளகைவிடச் சின்னது, கறுப்பு, மேலே வெள்ளைக் கோடு. மலையடிவாரத்தில் தானாக முளைக்கிற கொடியாம். என்ன பேர் என்று கேட்டேன்.

"பேரு தெரியாதுத்தா. பூக்கும். அம்புட்டுத்தான் தெரியும்."

அதைத்தான் போட வேண்டும். அறுபத்தொரு வயதில் பேர் தெரியாத ஒரு விதையைப் போட்டுவிட்டு என்ன வருகிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வாரேன். பாத்தியில் ஒன்றும் போட்டுவிடாதீர்கள். மண்ணை மட்டும் ஈரமாக வைத்திருங்கள்.

மாயக்காள்